மாலை போடாத படம்

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் நெருங்குகிற சமயம் பார்த்துத்தான் அந்தப் பேய் நாடகம் என்னைத் தேடி வந்தது. செத்துப்போன புருஷன் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். அவன் படத்துக்கு மாலை போடாதவரை வருவான். போட்டால் அதோடு சரி. பெண்டாட்டி போடுவாளா, மாட்டாளா? அதுதான் கதை. பெண்டாட்டி வேஷம் எனக்கு.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேஷம்?" என்றான் மகன். வேலைக்குப் போகிற பிள்ளை. அப்பா போனதிலிருந்து வீட்டில் வாயே திறக்க மாட்டான், திறந்தால் இப்படி. "வேற யாரு இவ்வளவு வசனத்தையும் மனப்பாடம் பண்ணுவா?" என்று அவன் வாயை அடைத்தேன்.

சிங்கப்பூரில், மார்சிலிங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டு ஹாலிலும் ஒரு படம் மாலை இல்லாமல்தான் மாட்டியிருந்தது. வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, அவர்கள் வீட்டுப் படமா?

என் வீட்டுக்காரருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் ஜொகூரில் வேலை. தினமும் பாலத்தைத் தாண்டி, பஸ் நெரிசலில் கசங்கி, விளக்கேற்றுகிற நேரத்துக்கு வந்து சேருவார். சாவி கையிலேயே இருக்கும். இருந்தாலும் இரும்புக் கேட்டை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் திறப்பார். அவர் போன பிறகும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்ப்பேன். காரிடாரில் ஈ காக்கை இருக்காது. பயமாக இருந்ததா என்றால், சேச்சே, இல்லவே இல்லை. ஒருநாள் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்றுதான் பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பான்.

ஒத்திகை, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில். பேய்க்கு முகம் கிடையாது. நிழலும் கேட் சத்தமும் மட்டும்தான். ஆனால் சுவரில் ஒரு படம் வேண்டும். பேய்க்கு நிழலாக நடித்த பையனின் படத்தையே மாட்டலாம் என்றார் இயக்குநர். அவன் துள்ளிக் குதித்தான்.

"உயிரோட இருக்கிறவன் படத்துக்கு மாலையா? எங்கம்மா பார்த்தாங்கன்னா அவ்வளவுதான்லா!"

சரி, உன் படத்தை நீ கொடு, நீ கொடு என்று மற்றவர்களைக் கேட்டால் ஒருத்தரும் அசையவில்லை. எனக்கு வந்ததே கோபம்! பேயாக ஆட வந்தவனுக்கு ஒரு முழம் பூவைக் கண்டு பயமா? "யாரும் தர வேணாம், நானே கொண்டாறேன்" என்று கத்திவிட்டேன். யார் படம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வாயைவிட்ட பிறகு எனக்கும் புரிந்தது.

நாடகத்தன்று பூக்கடையில் ரோஜா மாலை கேட்டேன். "சாமிக்கா, படத்துக்கா?" என்றாள் கடைக்காரம்மா. "நாடகத்துக்கு" என்றேன்.

கடைசிக் காட்சி. பக்கத்துத் திரைக்குப் பின்னால் கேட்டை உலுக்கினார்கள். அரங்கில் இருமல்கூட இல்லை. சுவரில் அவர், என்றைக்கும்போல அரைச் சிரிப்போடு. மாலையைத் தூக்கியவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். நடிப்பு என்று நினைத்திருப்பார்கள். "போதுங்க. இனி வராதீங்க, போங்க" என்று சொல்லி, போட்டுவிட்டேன். விளக்கு அணைந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

திரை விழுந்ததும் மேடைப் பொருள்களைப் பார்க்கிற பெண் மாலையைக் கழற்றக் கைநீட்டினாள். மறுநாளும் நாடகம் உண்டு, முதல் காட்சியில் மாலை இருக்கக்கூடாது. "தொடாதே!" என்று பாய்ந்து நானே கழற்றினேன். கழற்றியதும் அப்பாடா என்றிருந்தது. போட்டதே இல்லை என்று ஆகிவிட்டதுபோல ஒரு அற்ப சந்தோஷம்.

மறுநாள் புது மாலை. அதே வசனம், அதே கைதட்டல். மகன் அன்றைக்கு வந்திருந்தான். படம் இருந்த பையை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் படத்தை வெறுமனே, பழைய இடத்திலேயே மாட்டினேன். யாரை ஏமாற்றினேனோ, எனக்கே தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். காரிடாரில் பக்கத்து வீட்டுக் கேட் திறந்து மூடியது. யாரோ செருப்பை உதறினார்கள். நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் கேட் அசையவில்லை. மீன் பொரிக்கிற வாசனை வந்தது, போனது. நான் எழுந்திருக்கவே இல்லை.

மகன் அறையிலிருந்து வந்து என் எதிரில் நின்றான்.

"இன்னைக்குச் சத்தமே கேட்கலையேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கும் கேட்டுச்சா?"

"தினமும். நீ போய் பார்ப்பேல்ல, அதான் நான் வெளிய வரல."

ஒரு வருஷமாக அந்தச் சின்ன வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப்புறம், அவனும் அவரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"நீதானேம்மா போகச் சொன்ன?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை. கேட்கும்போதே அவன் முகம் கோணிவிட்டது.

அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவ்வளவு பெரிய பிள்ளை, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.