ஏரிக்கரை வீட்டுக்குச் சொன்ன சொல்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் ஜெர்மனியில் ஹம் நகருக்கு வந்து அருட்பிரகாசம் அண்ணையிடமே கேட்கலாம். அண்ணைக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அந்த நாளில் அசூல் கேட்டு வந்த அகதி விசாரணையில் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டிருக்க மாட்டார் என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் முதலில் சிரிக்கிற ஆளும் அவர்தான்.

இப்போது சிரிப்பதில்லை.

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அவருடைய மனைவி அன்ரனிற்றா அக்கா கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் சஞ்சயன் குடும்பத்தோடு ஸ்ருட்கார்ட்டில், மகள் லாரா கலியாணம் முடித்து லண்டனில். செத்த வீட்டுக்குப் பிறகு இருவரும் ஒன்றாக வந்ததே இல்லை. அண்ணை தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, தானே சமைத்து, தானே தின்று, சுவரில் தொங்கும் படத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். தனிமை ஆளைத் தின்னும் என்பார்கள். அண்ணையைப் பாதி தின்றுவிட்டிருந்தது.

அப்போதுதான் மகனின் போன் வந்தது.

"அப்பா, நத்தாருக்கு உங்கட வீட்டில எல்லாரும் படுக்க ஏலாது. பிள்ளையளும் பனியில சறுக்க வேணும் எண்டு நிக்குதுகள். ஏரியும் சறுக்கு மலையும் கிட்ட இருக்கிற மாதிரி ஒரு வீடு பாத்து எடுங்கோ. லாராவும் வாறாளாம்."

கிறிஸ்து பிறப்புக்கு எல்லோரும் ஒரு கூரையின் கீழ். அண்ணைக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறி சவர்லாண்ட் மலைப்பக்கம் போய்விட்டார்.

பார்க்க இரண்டு வீடு இருந்தது. முதலாவது சறுக்கு மலையடியில். குட்டி வீடு, தலை இடிக்கிற கூரை. இரண்டாவது ஏரிக்கு அந்தப் பக்கம், தனியாக, காட்டை ஒட்டி. மேலும் கீழுமாக ஆறு அறை. தூரத்தில் கண்டதுமே அண்ணையின் மனம் அதில் ஒட்டிவிட்டது.

சாவி அங்கே இருந்த ஒரே அயல்வீட்டுக் கிழவி பிராவ் கோஸ்ரரிடம் இருந்தது. சொந்தக்காரர் பெர்லினில்.

"கோடைக்குப் பிறகு யாரும் வரவில்லை. மின்சாரமும் நிறுத்தியாகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். முடிந்ததும் சாவியை என் கடிதப் பெட்டியில் போடுங்கள்" என்றாள்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றி வாசற்படியில் வைத்தார். லேசாகப் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வெறும் காலுறையோடு அவர் உள்ளே போவதைக் கிழவி வியப்பாகப் பார்த்தாள். சப்பாத்தோடு வீட்டுக்குள் கால் வைத்தால் அன்ரனிற்றா அக்கா விட்டிருப்பாவா? செத்தும் அந்தச் சட்டம் மாறவில்லை.

உள்ளே நல்ல குளிர். தளபாடம் எல்லாம் வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது. மூடாமல் இருந்தது சாப்பாட்டு மேசை மட்டும்தான். ஒரு கதிரை யாரோ இப்போதுதான் எழும்பிப் போனது போல வெளியே இழுபட்டிருந்தது. அண்ணை அதை உள்ளே தள்ளிவிட்டார்.

வழக்கம் போல அக்காவோடு வாய்விட்டுக் கதைத்தபடி அறை அறையாகப் பார்த்தார்.

"இது சஞ்சயனுக்கு, அன்ரா. இது லாராவுக்கு. சின்னனுகள் மேல படுக்கட்டும், என்ன?"

மேலே ஏறினார். ஏற ஏறக் குளிர் குறைந்தது. மேல்மாடி அறை... வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

அறைக்குள் ஒரு மணம். ஓடிக்கொலோன். தலையிடி வந்தால் அன்ரனிற்றா அக்கா கைலேஞ்சியில் நனைத்து நெற்றியில் போடுவது. 'ஜெர்மன் கிழவிகளும் இதைத்தானே பூசுகிறவை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார்.

கதிரை மறுபடி வெளியே இழுபட்டிருந்தது.

அண்ணை அசையாமல் நின்றார். வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஐந்து மணிகூட ஆகவில்லை. நவம்பரில் இந்த நாட்டில் பகல் அவ்வளவுதான்.

அப்போது மேலே சத்தம் கேட்டது.

கிறீச்...

பலகைத் தளம். யாரோ நடக்கிறார்கள். ஒரு அடி பலமாக. மறு அடி இழுத்து.

கிறீச்... சர்ர்...

கிறீச்... சர்ர்...

அன்ரனிற்றா அக்காவுக்குக் கடைசிக் காலத்தில் முழங்கால் வருத்தம். வலது காலை இழுத்துத்தான் நடப்பா.

அண்ணை அதை நினைக்க விரும்பவில்லை. நெஞ்சு அடித்த அடியில் செபம்கூட நினைவுக்கு வரவில்லை. கதவைப் பிடித்துத் திறந்தார். குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

ஒரு காலை வெளியே வைத்தார்.

பழக்கம்... இருபத்தாறு வருடப் பழக்கம்... வீட்டை விட்டுப் போகும்போது சொல்வதை வாய் தானாகச் சொன்னது.

"போட்டு வாறன்."

மேலேயிருந்து பதில் வந்தது.

"ஓம்... கவனமாப் போட்டு வாங்கோ."

அண்ணை கதவைப் பூட்டினார். சப்பாத்தைப் போட்டார். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு பஸ் தரிப்புக்கு நடந்தார். பஸ் வந்தது. ஏறினார்.

"எதுவரை?" என்று சாரதி ஜெர்மனில் கேட்டான்.

அப்போதுதான் அண்ணைக்கு உடம்பு விறைத்தது. அந்தக் காட்டு வீட்டுக்குள்... தமிழில் பதில் சொன்னது யார்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கழற்றும்போது சப்பாத்தின் முன்பக்கம் வீட்டைப் பார்த்தபடி இருந்தது. போடும்போது வெளியே பார்த்தபடி இருந்தது. வேலைக்குப் போகிறவருக்குச் சுகமாகக் கால் நுழையட்டும் என்று அன்ரனிற்றா அக்கா தினமும் அப்படித்தான் திருப்பி வைப்பா.

அண்ணை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். அன்று இரவு அவருக்கு வந்தது பயம் இல்லை, சந்தோசம். படத்துக்கு முன்னால் இருந்து சின்னப்பிள்ளை போல அழுதிருக்கிறார். பிள்ளைகளும் வருவார்கள், தாயும் அங்கே இருப்பா. நத்தாருக்கு ஒருவரும் குறைய மாட்டார்கள். விடிந்ததும் வீட்டை எடுக்கிறேன் என்று சொல்லப் பிராவ் கோஸ்ரருக்குப் போன் போட்டார்.

"நல்லது" என்றாள் கிழவி. "பிறகு வந்தது உங்கள் மனைவியா? இன்னும் உள்ளேயா இருக்கிறார்? நேற்று நீங்கள் போன பிறகும் மேல் ஜன்னலில் நின்றாரே. கதவு பூட்டியிருந்ததால் எனக்குப் புரியவில்லை."

"என் மனைவி இறந்து இரண்டு வருடம்."



"இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஹொலண்டுக்காரர் வந்தார்" என்றாள் மெதுவாக. "அவரும் பிள்ளைகளுக்காகத்தான் வீடு பார்த்தார். அவர் போன பிறகும் ஒரு பெண் ஜன்னலில் நின்றாள். மனைவி என்றே நினைத்தேன். பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் தனியாகத் திரும்பி வந்தார். ஏரி உருகிய பிறகுதான் அவருடைய உடலை எடுத்தார்கள். பொருட்களைக் கொண்டுபோக வந்த மகள் சொன்னாள், தாய் இறந்து ஐந்து வருடமாம்."

அண்ணை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கிழவி தொடர்ந்தாள்.

"வெறும் காலோடு பனியில் நடந்திருக்கிறார். அவருடைய சப்பாத்து வாசற்படியில் இருந்தது. ஒழுங்காக... வெளியே பார்த்தபடி."

அண்ணை போனை வைத்துவிட்டார். வெளியே போகும்போது கம்பளிச் சட்டை போட்டீர்களா என்று பத்துத் தரம் கேட்கிற மனுசி, கட்டின புருசனைத் தண்ணீருக்கா கூப்பிடுவா? அப்படியென்றால் அந்தக் குரலில் பேசியது என்ன?

மலையடியில் இருந்த குட்டி வீட்டைத்தான் எடுத்தார். எல்லோரும் வந்தார்கள். பேரப்பிள்ளைகள் பனியில் விழுந்து எழும்பினார்கள். தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் அந்தியானதும் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவார்.

லாரா ஒரு நாள் திரையை விலக்கிப் பார்த்தாள்.

"அப்பா, ஏரிக்கு அங்கால அந்த வீட்டில ஆர் இருக்கினம்? மேல லைற் எரியுது."

"ஒருத்தரும் இல்லை. மூடு பிள்ளை."

நத்தார் முடிந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். ஹம் வீட்டில் மறுபடி அண்ணையும் படமும். ஒரு வாரம் கலகலவென்று இருந்துவிட்டு வந்த பிறகு அந்த அமைதி முன்னைவிட மோசமாக இருந்தது என்றார்.

பெப்ரவரியில் ஒரு மாலை போன் அடித்தது. பிராவ் கோஸ்ரர். 

"தொந்தரவுக்கு மன்னியுங்கள். எனக்குத் தூக்கம் இல்லை. அவள் இப்போது என் கதவுக்கே வந்து நிற்கிறாள். ஒரே ஒரு வசனம்தான். திரும்பத் திரும்ப. எனக்குப் பாடமாகிவிட்டது. என்ன மொழி என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று..."

"சொல்லுங்கள்."

அந்த ஜெர்மன் கிழவி தட்டித் தடவிச் சொன்னாள்.

"எப்ப... வாறி... யள்?"

வேலைத்தலத்துக்கு அன்ரனிற்றா அக்கா போன் எடுத்துக் கேட்கிற கேள்வி. எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பா! அதற்கு அண்ணையின் நாக்கில் ஒரே பதில்தான் இருந்தது. நினைப்பதற்கு முன்னால் அது விழுந்துவிட்டது.

"இந்தா... வாறன்."

 கிழவிக்குப் பின்னால், தூரத்தில், வேறு ஒரு குரல் கேட்டது.

"ஓம்..."

போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றுதான் அண்ணை இதை எனக்குச் சொன்னார். ஆள் நன்றாக மெலிந்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையாம். சொன்னால் விசர், பைத்தியம் என்பார்கள்.

இரவில் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுக்கிறாராம்.

விடியப் பார்த்தால் அது வாசலில் இருக்கிறதாம்.

வெளியே பார்த்தபடி.