சங்கிலி போட்ட பேட்டரி கன்

வயர் கிடையாது, ஹோஸ் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று சொல்லி வாங்கிய சாமானை, வந்த அன்றே மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பேங்கில் பேனாவை நூலால் கட்டி வைப்பார்களே, அது மாதிரி. செய்தவர் படிக்காதவர் இல்லை. எங்கள் பர்ச்சேஸ் ஆபீசர் ராஜசேகர், சுவரில் இரண்டு சர்டிபிகேட் மாட்டியிருப்பவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு அந்தச் சுவரே போதும்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிராக்கெட் பூட்டும் கம்பெனி எங்களுடையது. அந்த மேசை சுமலதாவின் மேசை. அவள் நட்டு முடுக்குவாள். முடுக்கிய நட்டுக்கு மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைப்பவள் நான். கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே அவள் ஊர். கோஸ் தோட்டத்தில் கூலிக்குப் போனவள், பதினோரு வருஷமாக இங்கே கான்ட்ராக்டில் இருக்கிறாள். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், திட்டுவதற்கு மட்டும் கன்னடம்.

முன்பு நட்டு முடுக்க அவள் கையில் இருந்தது, அழுத்தக் காற்றில் சுழலும் காற்று கன். மேலே ஓடும் பைப்பிலிருந்து ரப்பர் ஹோஸ் இறங்கும், அதன் முனையில் கன் தொங்கும். ஒவ்வொரு நட்டுக்கும் ஹோஸ் பின்னால் இழுக்கும், அவள் முன்னால் இழுப்பாள். ஒரு பிராக்கெட்டுக்கு நான்கு நட்டு, ஷிப்டுக்கு நானூறு பிராக்கெட். போன வருஷம் அவளுடைய வலது கை தலைக்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. ஜடை பின்னிவிட மகள் சுவேதாதான் வரவேண்டியிருந்தது.

எண்ணிக்கை முந்நூற்றைம்பதுக்கு இறங்கியதும், பொங்கலுக்குப் பிறகு கான்ட்ராக்ட் கிடையாது என்று ராஜசேகர் சொல்லிவிட்டார். சுமலதா நேராக மேனேஜர் பூபதியிடம் போய், பேட்டரி கன் ஒன்று கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டாள்.

பேட்டரியா காற்றா என்று முடிவு செய்ய ஐந்து ஆண்கள் ஏசி அறையில் கூடினார்கள். சாம்பிளுக்கு வந்த கன்னால் ஆளுக்கு மூன்று நட்டு முடுக்கினார்கள், பிஸ்கட் தின்றார்கள். பேட்டரி கன் கனம் அதிகம், பெண்களால் முடியாது என்றார் ராஜசேகர். மூன்று நட்டில் எங்கள் தோளையெல்லாம் அளந்துவிட்ட மகான். பூபதிக்கு மட்டும் சந்தேகம் வந்து சுமலதாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“கனம்னா தூக்கிக்கலாம் சார். பின்னாலருந்து இழுக்கறதுதான் தாங்கல.”

ஒரு மாதம் டிரையல் என்று முடிவாயிற்று. காற்று கன்னை ஹோஸோடு கழற்றிப் போட்டார்கள். பேட்டரி கன் வந்தது, கூடவே மூன்றடிச் சங்கிலியும் வந்தது. விலை உசந்த சாமான், இந்தம்மாக்கள் டிபன் கேரியரில் வைத்துக் கடத்திவிடுவார்கள் என்றாராம் ராஜசேகர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஆள். அத்தனை பெரிய கன் கேரியரில் எந்த அடுக்கில் நுழையும் என்று அவர் சொல்லவில்லை. சங்கிலியின் ஒரு முனையைக் கன்னின் பிடியில் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுமுனையை மேசை ஓரத்தில் போல்டும் நட்டும் வைத்து மாட்டி, அந்த நட்டைச் சுமலதாவையே முடுக்கச் சொன்னார். அவள் முடுக்கினாள். பழக்க தோஷத்தில் நானும் அதற்கு ஒரு மஞ்சள் புள்ளி வைத்தேன்.

சங்கிலி தூரத்து நட்டுகளுக்கு எட்டவில்லை. அவள் குனிந்து, இழுத்து, எக்கி வேலை செய்தாள். நீளம் போதவில்லை என்று மூன்று முறை சொன்னாள். இரண்டு வாரம் யோசித்து ராஜசேகர் ஒரு வழி கண்டுபிடித்தார். கழற்றிப் போட்ட பழைய ஹோஸில் நாலடி வெட்டி, கிளாம்பு போட்டு, சங்கிலியோடு ஒட்டுப் போட்டார். காற்று போய்விட்டது, ஹோஸ் மட்டும் திரும்பி வந்துவிட்டது. சுமலதா அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு கழிவறைக்குப் போய் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஹோஸும் சங்கிலியும் சேர்ந்து பழையபடி பின்னால் இழுக்க, எண்ணிக்கை முந்நூற்று இருபதுக்கு இறங்கியது.

டிரையலின் கடைசி நாள் காலையில் பூபதியும் ராஜசேகரும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். பேட்டரி சரிப்படவில்லை, காற்றே போதும், இந்தம்மாவாலும் இனி முடியாது என்று ராஜசேகர் பேப்பரைப் பார்த்து வாசித்தார். அந்தப் பேப்பரில் சங்கிலியைப் பற்றி ஒரு வரி இல்லை.

சுமலதா கன்னை ரிவர்ஸில் போட்டாள். மேசை ஓரத்து நட்டில் வைத்து விசையை அழுத்தினாள். இரண்டு நொடி. மேசையை விட்டுக் கழன்ற முனை ஹோஸோடு தொப்பென்று தரையில் விழுந்தது, மறுமுனை மட்டும் கன்னில் பூட்டியபடி தொங்கியது. என் மஞ்சள் புள்ளியோடு இருந்த நட்டை எடுத்து ராஜசேகரின் பேப்பர்மேல் வைத்தாள்.

“திருடணும்னா மொத நாளே கழட்டிட்டுப் போயிருப்பேன் சார். இதைக் கழட்டற கன்னையும் என் கையிலதான குடுத்தீங்க.”

பூபதி பூட்டுச் சாவிக்காக ராஜசேகர் முன்னால் கையை நீட்டினார். மனிதர் மூன்று பையிலும் தேடித்தான் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் நான் இருநூற்றுப் பத்து பிராக்கெட்டுக்குப் புள்ளி வைத்தேன். பொங்கலுக்குப் பிறகும் அந்த மேசையில் சுமலதாதான் இருந்தாள். சித்திரையில் ஒரு நாள் தானே ஜடை பின்னிக்கொண்டு வந்தாள். கோணல்தான். ஆனாலும் ராஜசேகரின் யோசனைகளைவிட நேராக இருந்தது.