அன்வர் பாய் எழுதிய ஒரு சோதனை

அன்வர் பாய் காலமான செய்தி, எங்கள் பெருங்குடி மென்பொருள் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் லிஃப்ட் பழுது பற்றிய அறிவிப்புக்கு அடுத்ததாக வந்தது. பழக்கதோஷத்தில் சிலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பிறகு கூப்பிய கைகளாக மாற்றிக்கொண்டார்கள். பாய் இதையும் பிழைப் பட்டியலில் சேர்த்திருப்பார் என்பது அவருடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

மந்தைவெளியிலிருந்து ரயிலில் வருவார். என் பக்கத்து மேசை.

பள்ளி வண்டிகளுக்கு ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பள்ளிகள் அனுப்பும் பட்டியலில் வகுப்புக்கு ‘கிளாஸ்’ என்று தலைப்பு. அந்தச் சொல்லை எங்கள் நிரல்மொழி தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. வேறு எதற்கும் பெயராக வைக்க விடாது. நிரல் சரியா என்று பார்க்க நான் எழுதிய சோதனை ஓட மறுத்தது. நிரலிலும் சோதனையிலும் ‘ஸ்டாண்டர்டு’ என்று மாற்றினேன். எல்லாம் பச்சை காட்டியது. எழுதியவனும் நான், சோதித்தவனும் நான். எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

மறுநாள் பள்ளி திறப்பு. பாய் என் திரையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, ஒரே பச்சையா கீது? ஸ்கூல்காரன் அனுப்புன லிஸ்ட்டப் போட்டுப் பாத்தியா?”

“அதான் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே, பாய்.”

“நீ வெச்ச பரீட்சைல நீயே பாஸு. போடு, பாப்போம்.”

போட்டேன். பட்டியலில் இருந்தது ‘கிளாஸ்’, நிரல் தேடியது ‘ஸ்டாண்டர்டு’; ஒரு குழந்தைக்கும் வகுப்பு இல்லை. வகுப்பு தெரியாதவர்களை மாலை வண்டியில் ஏற்றும்படி நானே எழுதியிருந்தேன். எல்கேஜி பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விட்டுவிடும். நான்கு மணிவரை வாசலில் நின்றிருப்பார்கள்.

“நீ எய்துற புரோகிராம் உன் ஊடு. உள்ள இன்னா பேரு வேணா வெச்சுக்க. லிஸ்ட்டு அடுத்தவன் ஊட்டு லெட்டரு. வந்த மாதிரியே வாங்கு, வாசல்ல பேர மாத்து” என்றார் பாய். உள்ளே ‘கிளாஸ்’ என்பதற்கு ஓர் அடிக்கோட்டை வாலாக ஒட்டினோம். வால் முளைத்ததும் நிரல்மொழி அதை வேறு சொல்லென்று நம்பிவிட்டது. அதன் கறார் அவ்வளவுதான்.

“மேனேஜர்கிட்ட சொல்லணுமா, பாய்?” என்றேன்.

“முடிச்சிட்டு சொல்லு. இப்ப சொன்னா மீட்டிங் போடுவான். பசங்க ஊடு போய்ச் சேர மாட்டாங்க.”

முடித்த பிறகு சொன்னேன். மீட்டிங் போட்டார். அது நடக்கும்போது பாய், பள்ளிப் பட்டியலின் அமைப்பிலேயே கற்பனையாக ஓர் எல்கேஜி குழந்தையை வைத்து இன்னொரு சோதனை எழுதி முடித்திருந்தார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். நிரலை எத்தனை முறை மாற்றினாலும், அந்தக் குழந்தை நண்பகல் வண்டியில் ஏறிய பிறகுதான் எதுவும் பள்ளிகளுக்குப் போகும். நேற்றும் ஏறியது.