உதிர்ந்ததாகச் சொல்லப்பட்ட பழம்

விவசாயப் பல்கலைக்கழகத்தின் செய்திமடலை ஒற்றை ஆளாகத் தோளில் சுமப்பவரை எல்லோரும் செய்தியார் என்றே அழைத்தார்கள். ஏரி வற்றுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை ‘நீர்மட்டம் சற்றே குறைந்து காணப்படுகிறது’ என்று எழுத நெஞ்சுரம் வேண்டும். அது அவரிடம் ஏராளமாக இருந்தது. காடு சருகாய்க் கிடந்தால் தீக்குச்சியைக் கவனமாகக் கையாளச் சொல்வார். கோடை முடிகிற சமயத்தில் எந்தப் பழத்தை எப்போது பறிப்பது, எந்த மரத்துக்குத் தண்ணீரைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிய வேண்டும். உலகம் படித்ததா என்பது வேறு விஷயம்.

மண் பரிசோதனைக் கூடத்தை ஒட்டி அவர் அறை. வாசலில் பாதியை மண் மூட்டைகள் அடைத்துக்கொண்டிருந்ததால் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். ஒவ்வொரு கோடையிலும் அது இன்னும் சிரமமாகிக்கொண்டே வந்தது. மூட்டைகள் கூடவில்லை, செய்தியாரின் தொப்பை கூடியது. அதற்கும் அவருடைய தொழில் தர்மமே காரணம். சரிபார்க்காத செய்தியை அவர் வெளியிடுவதில்லை. பழச் செய்தியைச் சரிபார்க்க நாக்கைவிட நம்பகமான சாதனம் ஏது? ஆகவே செய்தி கொடுக்க வரும் துறை கூடவே ஒரு கூடையும் கொண்டுவரும். கூடையோடு வந்த பேரிக்காய் முதல் பக்கத்தில் சிரிக்கும். வெறுங்கையோடு வந்த உருளைக்கிழங்கு நோய் கடைசிப் பக்க மூலையில் முனகும். இத்தனை வருஷத்தில் மடலில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை என்பதைப் புதிதாக அறிமுகமாகிறவர்கள் கைகுலுக்கி முடிப்பதற்குள் தெரிந்துகொள்வார்கள்.

இந்தக் கோடையில் பழத்துறைப் பேராசிரியை ஒரே ஒரு தாளோடு வந்து நின்றார்.

“கூடை எங்க மேடம்?”

“பறிக்கக் கூடாது சார். மத்த பிளம்ஸ் எல்லாம் பழுத்ததும் பொத்து பொத்துன்னு விழுந்துடும். என் புது ரகம் கோடை முடியற வரைக்கும் மரத்துலயே நிக்குதான்னு பாக்கறதுதான் சோதனையே. ஒண்ணு விழுந்தாலும் போச்சு.”

“ருசி?”

“கருவி வச்சுப் பாத்தோம். நல்ல அளவு காட்டுது.”

கருவி சப்புக்கொட்டியதா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

ஆனால் தர்மம் அடங்கவில்லை. மதியம், தோட்டத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனார். பறவைகள் வராமலிருக்க மரத்தின் மேலே வலை கட்டியிருந்தார்கள். கீழ்ப்பக்கம் திறந்தே கிடந்தது. படித்தவர்கள் மேல் நிறுவனத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. கருநீலத்தில், மேலே லேசாக மாவு பூத்தாற்போல் பழங்கள் தொங்கின. சும்மா தொட்டுப் பார்க்கத்தான் கையை நீட்டினார். திருகினார், வரவில்லை. இழுத்தார், கிளையே வளைந்து கூட வந்தது. இன்னொரு முறை இழுத்ததும் பழம் கைக்கு வந்தது. சாறு முழங்கைவரை வழிந்தது. கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆராய்ச்சித் தோட்டத்தில் குப்பை போடக் கூடாது என்ற அறிவிப்பை எழுதியவரே அவர்தானே.

மறுநாள் பேராசிரியை முகம் தொங்கிப்போய் வந்தார்.

“ஒண்ணு விழுந்துடுச்சு சார். தேர்வுக் குழு வந்து எண்ணிப் பாக்கற நேரம் பாத்து ஒண்ணு குறையுது. கீழே எல்லாம் தேடினேன், காணோம். அணில் தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“அச்சச்சோ,” என்றார் செய்தியார்.

“ரகம் தேறலைன்னு எழுதிடுங்க. திங்கக்கிழமை மரத்தப் பிடுங்க வண்டி வருது.” கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கண்ணாடியைக் கழற்றினார். “பாதி வாழ்க்கை போட்டேன் சார் அந்த மரத்துக்கு.”

‘புதிய ரகம் உதிர்ந்தது, திங்கட்கிழமை மரம் அகற்றப்படும்’ என்று மடல் வெளியானது. அன்று செய்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. வரலாற்றில் முதல்முறை என்பதால் வீட்டில் பயந்துபோனார்கள்.

மறுநாள் காலை துணி துவைக்கச் சட்டையை எடுத்த மனைவி, கொட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மடலைப் படிக்கும் ஒரே வாசகி அவர்தான்.

“ஏங்க, உதிர்ந்த பழத்தோட கொட்டை உங்க பாக்கெட்டுக்கு நடந்து வந்துச்சா?”

“மெதுவாப் பேசும்மா.”

“ஏன்? அணில் காதுல விழுந்துடுமா?”

“திருத்தம் போடணும்மா. இதுவரைக்கும் நான் போட்டதே இல்ல.”

“மரத்தப் பிடுங்கினாத் திருப்பி நட முடியாது. உங்க மானம் அப்படியா? ரெண்டு மழை பேஞ்சாத் துளுத்துடும்.”

செய்தியார் ஒருக்களித்து அறைக்குள் நுழைந்தார். நாலு முறை அடித்தார், நாலு முறை அழித்தார். கடைசியில் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போட்டார்:

‘திருத்தம். புதிய பிளம்ஸ் ரகத்தின் பழம் ஒன்று உதிர்ந்ததாகச் சென்ற மடலில் வெளியான செய்தி தவறு. பழம் உதிரவில்லை, இம்மடலின் ஆசிரியரால் உண்ணப்பட்டது. பறிப்பதற்கு இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. கிளையும் கூடவே வந்தது என்பதை ஆசிரியர் அனுபவபூர்வமாக உறுதி செய்கிறார். கொட்டை குழுவின் பார்வைக்கு இணைக்கப்பட்டுள்ளது.’

பேராசிரியை புயலாக வந்தார். மண் மூட்டை ஒன்று சரிந்தது.

“நீங்களா சார்? வாயில்லா ஜீவன் மேல பழியப் போட்டுட்டனே!”

“மன்னிச்சிடுங்க மேடம்.”

பேராசிரியை உள்ளே வந்து உட்கார்ந்தார். கோபம் வடிய வடிய வேறொன்று முகத்தில் எட்டிப் பார்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “எப்படி சார் இருந்துச்சு?”

“அத எப்படிச் சொல்றது மேடம்... மானத்தோட விலைக்குக் கொறைவில்ல.”

திங்கட்கிழமை வண்டி வெறுமனே திரும்பிப் போனது. மற்ற பழங்கள் கோடை முடியும்வரை அசையாமல் நின்றன. செய்தியாரின் தொலைபேசி முதன்முறையாக ஓயாமல் அடித்தது, எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “நீங்க திருடித் தின்னீங்களே சார், அந்த ரகத்தோட கன்னு எப்ப கிடைக்கும்?” இத்தனை வருஷமாக அவர் எழுதிய உண்மைகள் சாதிக்காததை ஒரு திருத்தம் சாதித்துவிட்டது. ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? அடுத்த மடலில் அணிலுக்கு வருத்தம் தெரிவித்து இன்னொரு திருத்தம் போட்டார்.

மரத்தைச் சுற்றி இப்போது தரைவரை வலை இருக்கிறது. பறவைகளுக்காக அவ்வளவு தாழ்வாகக் கட்டத் தேவையில்லை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.