கேட் ஓரத்து மஞ்சள் பொட்டு

புரட்டாசியில் ஆம்பூரிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் வழியெல்லாம் எதையாவது கிறுக்கிவிட்டுத்தான் போவார்கள். ஆண்கள் முந்தின நாளே பைக்கில் போய், ஸ்ப்ரே பெயிண்டில் அம்புக்குறி போட்டு, குழுவின் பெயர், தலைவர் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிவிடுவார்கள். ரோடு நேராகத்தான் போகிறது. அதற்கு எதற்கு அம்புக்குறி என்று கேட்டால், பக்தியாம்.

பெண்களுக்கும் ஒரு குறி உண்டு. வழியில் எந்த வீட்டுக்காரம்மா எங்களைக் கழிவறைக்கு விடுகிறாரோ, அந்த வீட்டு கேட் தூணின் அடியில், கொலுசு உயரத்தில், மஞ்சளைக் குழைத்து மூன்று பொட்டு வைத்துவிட்டு வருவோம். பின்னால் வரும் பெண்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குப் புளியமரம் போதும்.

நானும் என் தோழியும் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்து பக்கத்து மெஷினில் தைக்கிறோம். அவளுக்குச் சர்க்கரை. வேலை நேரத்தில் அடக்கி அடக்கிப் பழகியவள்தான், ஆனாலும் நடையில் முடிவதில்லை. போன வருஷம் காட்பாடி தாண்டியதிலிருந்து, "முந்தின வருஷம் நம்மள உள்ள விட்டாங்களே, அந்தப் பச்சை கேட் வீடு வந்துடும்க்கா, அதுவரைக்கும் தாங்கிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பச்சை கேட் வந்தது. பொட்டைக் காணோம். தூணில் தொடங்கி சுவர் முழுக்க எங்கள் குழுவின் பெயரும் தலைவர் பெயரும் சிவப்பில் வழிந்தன. நடுவில் பெரிய நாமம்.

"பொண்ணு கல்யாணத்துக்குன்னு போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சோம். சாமி நாமம் வேற, அழிக்கவும் பயமா இருக்குது. உங்க ஆளுங்கதானே? போங்கம்மா," என்றார் வீட்டுக்காரம்மா.

"இவளுக்கு ரொம்ப அவசரம்மா" என்று கெஞ்சினேன். கேட்டைச் சாத்திவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். சுவரில் இருந்த பெயர்மேல்தான் கோபம்.

கொஞ்ச தூரம்தான் போனோம். தோழி நின்றுவிட்டாள். அவளுடைய மஞ்சள் புடவை கீழே நனைந்திருந்தது. அழவில்லை. என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் தன்னுடையதையும் எடுத்து, தலையோடு ஊற்றிக்கொண்டாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் மொத்தமும் அதிலேயே போனது.

அடுத்த திருப்பத்திலேயே சாப்பாட்டுப் பந்தல். வாசலில் நின்ற தலைவர் அவளைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"ஈரப் புடவையோட நடக்குற வேண்டுதலா தங்கச்சி? இதான்யா பக்தி!"

சுற்றியிருந்தவர்கள் கோவிந்தா போட்டார்கள். அவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"இன்னா பக்தி? நீ எழுதின சுவத்தால..." என்று ஆரம்பித்தேன். தோழி என் கையை நகம் பதியக் கிள்ளினாள். இன்றுவரை அந்தப் பேச்சை நான் முடிக்கவில்லை.

இந்த வருஷ நடைக்குக் குழு பேனர் வைத்திருக்கிறது. தலைவர் படத்துக்குப் பக்கத்தில், நனைந்த புடவையோடு அவள். கம்பெனி பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது. அந்த இடம் வரும்போது அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறாள்.