மூன்று மணிச் சண்டை

காலரைத்தான் நோரீன் காட்டரல் முதலில் இஸ்திரி போடுவாள். அப்புறம் கைகள், கடைசியில் முதுகு. அடுப்பில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும், உருளைக்கிழங்கைத் திருப்பிவிடச் சொல்லி அடுப்பு மணி கத்தும், சமையலறை ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருக்கும். எது கத்தினாலும் கத்திவிட்டுப் போகட்டும், அந்த நீலச் சட்டையின் காலர் விறைப்பாக நிற்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மன்னர் தொலைக்காட்சியில் பேசுவார். அவர் முன்னால் கசங்கிய துணியோடு போய் உட்காருவதாவது!

"அவரு என்ன உன்னையப் பாக்கவா போறாரு?" என்று மகள் ஜனீன் வருஷம் தவறாமல் கேட்பாள்.

"அவரு பாக்க வேணாம்டி. நான் அவரைப் பாக்கறேன்ல."

இங்கிலாந்துக் கடலோரத்து ஃப்ளீட்வுட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில், காலையும் மாலையும் பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பது நோரீனின் வேலை. கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் கோட்டு, ஆளை விட உயரமான கம்பு, அதன் உச்சியில் வட்டப் பலகை. கடல் காற்று அடிக்கிற அடியில் பலகை அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று இருக்கும். போகாது. உள்ளங்கையை நீட்டினாள் என்றால் மீன் லாரியும் நின்றுதான் ஆக வேண்டும். எவனாவது ஹாரன் அடித்தால் போச்சு. நேரே அவன் ஜன்னலுக்கே போய்விடுவாள். "என்ன ராசா, அவ்வளவு அவசரம்? மீனு எந்திரிச்சு ஓடிடுமா? புள்ளைங்க போகட்டும், அப்புறம் நீ போவியாம்." கோட்டின் ஒரு பையில் பிள்ளைகளுக்கு மிட்டாய், இன்னொன்றில் நாய்களுக்கு பிஸ்கட். ஒற்றை மேக்பை பறவையைக் கண்டால் கெட்ட சகுனம் என்று அதற்கு ஒரு சல்யூட் வைப்பாள். பிள்ளைகளும் பின்னாலேயே சல்யூட் வைக்கும்.

லாரியை நிறுத்தத் தெரிந்தவளுக்கு ஒரே ஒரு ஆளை நிறுத்தத் தெரியவில்லை. அது கிளைவ், அவள் புருஷன்.

துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் கிளைவ். தொழிற்சங்கத்து ஆள். ராஜா, ராணி என்று பேச்செடுத்தாலே அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த முடிசூட்டு விழாக் கோப்பையில் ஆணியும் திருகாணியும் போட்டு வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் மூன்று மணிக்கு எழுந்து நாயை ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டால் வீட்டில் வம்பே இல்லை. போக மாட்டான். முதல் ஆளாகத் தன் நாற்காலியில் வந்து உட்காருவான். மடியில் ஒரு தட்டு இனிப்புப் பணியாரம். தேசிய கீதம் முடிந்ததும் ஆரம்பிப்பான்.

"பின்னாடி இருக்கற மேசையப் பாரு. அதை வித்தா நம்ம தெருவுக்கே கூரை மாத்தலாம்."

"கிளைவ், வாய மூடு."

"நம்மளையெல்லாம் நெனச்சுப் பாக்கறாராம்ல. எங்க, நம்ம தெருப் பேரு என்னன்னு சொல்லச் சொல்லு."

"இப்ப மூடறியா, இல்லையா?"

"குளிருக்கு ஹீட்டர் போடலாமா வேணாமான்னு ஒரு நாளாவது யோசிச்சிருப்பாரா இவரு? கேட்டுச் சொல்லு."

ராணி இருந்தவரை ராணியோடு மல்லுக்கட்டினான், ராஜா வந்தபின் ராஜாவோடு. நோரீன் சோபாத் திண்டைத் தூக்கி எறிந்து பார்த்தாள். ஒரு வருஷம் அவள் எறிந்த வால்நட் கொட்டை அவன் மூக்குக்கண்ணாடியில் பட்டது. ஒருமுறை அவனைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். இரண்டு அறைக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுவதற்கு ஒரு சின்னத் திறப்பு உண்டு. மன்னர் படைவீரர்களைப் பற்றி ஏதோ உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தத் திறப்பு படாரென்று திறந்தது. கிளைவின் தலை வெளியே வந்தது. "அவங்க பென்ஷனப் பத்தி ஒரு வார்த்த?" என்று கேட்டுவிட்டுத் தலை உள்ளே போய்விட்டது. அன்று ராத்திரி வரை நோரீன் அவனோடு பேசவில்லை. வான்கோழி மிச்சத்தை ரொட்டியில் வைத்து அவன் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் சிரித்தாள்.

அவளுக்கு ஏன் அந்தப் பத்து நிமிஷத்தின் மேல் அவ்வளவு பிடிவாதம் என்று தெருவில் பலருக்குத் தெரியாது. கொடி, கிரீடம் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போகும் கப்பலில் இருந்தவர். பாதி கிறிஸ்துமஸ்களுக்கு அவர் வீட்டில் இருந்ததில்லை. மூன்று மணி ஆனதும் அம்மா ரேடியோவைத் திருகிவிட்டு, "சத்தம் போடாதீங்க, அப்பாவும் இப்ப இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்பாள். பேசியது யார், என்ன பேசினார் என்பதெல்லாம் நோரீனுக்கு நினைவில்லை. அப்பாவும் அதையே கேட்கிறார் என்பதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. மூன்று மணி என்றால் மூன்று மணிதான் என்று அவள் நிற்பது அங்கிருந்து வந்த பழக்கம்.

போன அக்டோபரில் கிளைவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, அதோடு பேச்சும் போய்விட்டது. சொன்னதெல்லாம் புரிகிறது, செய்தித்தாள் படிக்கிறான், கோபம் கூட வருகிறது. வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கோப்பை, நாய், சாவி என்று படம் போட்ட அட்டைகளை அவன் முன் வைத்தாள். முதல் நாள் முயன்றான். மாடு கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அடுத்த தடவை அட்டைகளையெல்லாம் இடது கையால் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

வாசல்வரை வந்த நோரீனிடம் அந்தப் பெண் சொன்னாள்: "பேச்சு உள்ளதான் இருக்கு. அவருக்குத்தான் வெக்கம், முயற்சி பண்ண மாட்டேங்கறாரு. இப்பிடியே விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அவரு என்ன சொல்ல வர்றாருன்னு தெரிஞ்சாலும் நீங்க முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க. காத்துட்டு இருங்க."

காத்திருப்பது நோரீனுக்குப் பிறவியிலேயே வராது. கிளைவ் கண்ணை அசைத்தால் போதும், "டீயா? இந்தா. கம்பளியா? இந்தா" என்று ஓடுவாள். பள்ளி வாசலில் தாய்மார்கள் விசாரித்தால், "நல்லா இருக்காரு, இப்பத்தான் வீட்டுல நிம்மதி, ஒரு சத்தம் கெடையாது" என்று சிரிப்பாள். பிறகு காற்று மூக்கைப் பிடிக்கிறது என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் குரலை இனி ஒருநாளும் கேட்கப்போவதில்லையோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. வாயை மூடு, வாயை மூடு என்று ஆயுசு முழுக்கச் சொன்னது நான்தானே என்று நினைத்து நினைத்து மருகினாள்.

டிசம்பர் பிறந்ததும் ஜனீன் மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"அம்மா, இந்த வருஷம் அந்தப் பேச்சைப் போட வேணாமே. அப்பாவுக்கு எப்பிடி இருக்கும்? டிவி மட்டும் பேசிக்கிட்டே இருக்கும், அவரு சும்மா உக்காந்திருக்கணும். பாவம்மா."

ஜனீனின் கணவன் கிரேக் ஒத்து ஊதினான். "இப்பல்லாம் யாரு பாக்கறா அதை? எங்க ஆபீஸ்ல கேட்டேன், ஒருத்தரு கூட இல்ல. ஒங்களுக்கு வேணும்னா ராத்திரி போன்ல போட்டுத் தர்றேன், நோரீன்."

"போன்ல போட்டா அது மூணு மணி ஆயிடுமா?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள். ஆனால் நாற்காலியில் இருந்த கிளைவைப் பார்த்தாள். பார்த்ததும் இறங்கி வந்துவிட்டாள். "சரி, வேணாம். என் ஆசைக்காக அவரைப் போட்டு வதைக்கணுமா?"

அப்படித்தான் இந்தக் கிறிஸ்துமஸ் வந்தது. இஸ்திரிப் பெட்டி வெளியே வரவில்லை. நோரீன் ஒரு பழைய பழுப்புக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். மூன்று மணிக்கு எல்லார் வாயும் சாப்பாட்டில் இருக்கட்டும் என்று விருந்தைத் தள்ளிப்போட்டார்கள். போதாததற்கு ஜனீன் தொலைக்காட்சியின் மின்கம்பியையும் பிடுங்கிவிட்டாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து வெடிக்கும் காகிதக் குழலான கிராக்கரின் ஒரு முனையைக் கிளைவின் இடது கையில் கொடுத்து மறுமுனையைக் கிரேக் இழுத்தான். அது வெடித்து, உள்ளே இருந்த ஊதா நிறக் காகிதக் கிரீடம் விழுந்தது. ஜனீன் அதை அப்பா தலையில் வைத்தாள். கிரேக் தன் கிராக்கருக்குள் இருந்து வந்த துண்டுச் சீட்டில் இருந்த நகைச்சுவையைப் படித்துவிட்டுத் தானே சிரித்தான்.

பாதிச் சாப்பாட்டில் கிளைவ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கணப்பின் மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நோரீனைப் பார்த்தான். மறுபடி கடிகாரம்.

"என்னப்பா, பாத்ரூம் போகணுமா?" என்றாள் ஜனீன்.

இல்லை என்று தலையாட்டினான்.

"தண்ணியா? குளிருதா? கிரேக், அந்த ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்க."

கிளைவ் இடது கையால் மேசையை ஓங்கி அடித்தான். கிரேவி கவிழ்ந்து நோரீனின் சட்டையில் கொட்டியது. அவள் துடைக்கக் குனிந்தபோது அவன் அவளுடைய பழுப்புக் கம்பளியின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். விடவில்லை. இழுத்து, அவள் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு கோபம்.

நோரீனுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நீலச் சட்டை எங்கே என்று கேட்கிறான். அடிப்பாவி! அந்தப் பத்து நிமிஷம் தன் சொத்து என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். இந்த மனுஷன் வருஷம் முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான். அவனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அவனைக் கேட்காமலே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

"டிவி வயரைச் சொருகு," என்றாள் ஜனீனிடம். "சொருகுடி, நிக்காத!"

படம் வந்தபோது மன்னர் பாதிப் பேச்சில் இருந்தார். கிரேக் கிளைவின் நாற்காலியைத் திருப்பிவிட்டான். நோரீன் கிரேவிக் கறையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னர் நிதானமாகப் பேசிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல், அலங்கரித்த மரம், பூ ஜாடி. கிளைவ் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். ஜனீன் உதட்டைக் கடித்தாள். பாத்தியா, நான் சொன்னேன்ல என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு கிளைவின் கழுத்து சிவந்தது. தாடை அசைந்தது. உதடு இரண்டும் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டின. நோரீனுக்குத் தெரியும், அந்த ஜாடியைத்தான் பார்க்கிறான். அதைப் பற்றி அவன் என்ன சொல்வான் என்றும் தெரியும். அவன் சொல்லக்கூடியது அத்தனையும் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்று எடுத்துக் கொடுத்தால் போதும், அவன் தலையாட்டிவிடுவான், அந்த வேதனை தீர்ந்துவிடும். கம்பளியின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான காரியம் எதையும் செய்ததில்லை.

"ப்... ப்போ..."

கிரேக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

"போ... போய்யா!"

குரல் கரகரத்திருந்தது. ஆனால் கிளைவின் குரலேதான். ஜனீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிளைவுக்கே தூக்கிவாரிப் போட்டது. யார் பேசினது என்பதுபோல் சுற்றிலும் பார்த்தான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி மன்னர் பக்கம் திரும்பினான். காகிதக் கிரீடம் நெற்றிக்கு நழுவியிருந்தது. அடுத்த சொல்லுக்காக உதடு முட்டி மோதியது. என்னவோ வருகிறது, மிகவும் மெல்லிசாக வருகிறது. மன்னரின் குரல் அதை அமுக்கிவிட்டது.

நோரீன் மேசையைத் துழாவி ரிமோட்டை எடுத்தாள். மன்னரின் சத்தத்தை நிறுத்திவிட்டு, கிளைவின் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.