நான் அணைத்த ஏழு விளக்குகள்

சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அத்தைக்குக் கல்யாணம். எனக்கு எட்டு வயது. வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட ‘தொடாதல’ என்று கூப்பிட்டதுதான் அதிகம். தொட்டதெல்லாம் உடையும் ராசி எனக்கு. ஆகவே கல்யாண வேலைகளில் எனக்கு ஒதுக்கப்பட்டது, தள்ளி நிற்பது.

முந்தின நாள் ராத்திரி. ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. பகலிலேயே மலை தெரியாத மேகமூட்டம். மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் சேற்றில் இறங்கிவிடக் கூடாதே என்று, பந்தலிலிருந்து ரோடு வரை வயல்களுக்கு நடுவே போகும் பாதையின் இருபுறமும் பெஞ்சு போட்டு, பன்னிரண்டு காஸ் லைட்டுகளை வரிசையாக வைத்திருந்தார் சித்தப்பா.

அப்போதுதான் அந்தச் சத்தம். மோட்டார் சைக்கிள் ஒன்று மேகத்துக்குள் வழி தெரியாமல் அலைவது போல. ஏரோப்ளேன் என்று சித்தப்பாதான் சொன்னார். அது எங்கள் வீட்டைச் சுற்றியது, போனது, திரும்ப வந்து இன்னும் தாழப் பறந்தது. பந்தல் ஓலை படபடத்தது. சமையல்காரர்கள் அகப்பையோடு வெளியே ஓடிவந்தார்கள். அம்மா அத்தையை இழுத்துக்கொண்டு நெல்லறைக்குள் போய்விட்டாள்.

சித்தப்பா யுத்த காலத்தில், குண்டு போட வரும் விமானத்துக்கு ஊர் தெரியாமலிருக்க, கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொல்லும் வேலை பார்த்தவர். யுத்தம் முடிந்தது அவருக்குத் தெரியும்; அவர் கால்களுக்குத் தெரியவில்லை.

“வெளிச்சத்தப் பாத்துதான் வாறான். எல்லாத்தையும் அணைங்கடே” என்று ஓடினார். ஓடுகிற போக்கில் என்னைப் பார்த்து, “மக்கா, நீயும் அணை” என்றார்.

வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள். விளக்கின் திருகாணியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுப் போய் வெளிச்சம் வற்றிவிடும். பன்னிரண்டில் ஏழு என்னுடையது. ஒன்றுகூட உடையவில்லை. கடைசி விளக்கு அணைந்ததும் சத்தம் மலைப்பக்கம் போயிற்று. பிறகு சத்தமே இல்லை. சித்தப்பா என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

விடியும்போது மலையடிவாரத்திலிருந்து ஒருவரைக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். யாரோ முதலாளியின் சொந்த விமானமாம், மலையில் மோதி விழுந்துவிட்டதாம். ஓட்டியவர் அங்கேயே முடிந்துபோனாராம். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டும்வரை இவரை எங்கள் பந்தலில், மணமேடைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். அவர் இங்கிலீஷில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் குனிந்து கேட்டார்.

“ரெண்டு வரிசை வெளிச்சம் தெரிஞ்சுதாம். ஏரோப்ளேன் எறங்குக எடம்னு நெனச்சு வந்தாங்களாம். அது எங்க போச்சுன்னு கேக்காரு.”

பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய சபையில் விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான். முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி, “நாந்தான் அணைச்சேன், ஏழு...” என்பதற்குள் சித்தப்பாவின் கை என் வாயைப் பொத்தியது.

“இல்ல சாரே” என்றார். “பன்னிரண்டும் நான் அணைச்சது.”

என்னுடைய ஏழு விளக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். என் ஆயுளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

வண்டி ஆஸ்பத்திரி சேருமுன்னே அந்த மனிதர் இறந்துவிட்டார். கல்யாணம் மேளமில்லாமல் நடந்தது. நான் சித்தப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவரும் என்னோடு பேசவில்லை, யாரோடும் பேசவில்லை. அவருக்கு வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்தது. எங்களுக்குள் யார் முதலில் பேசுவது என்று ஒரு போட்டி நடப்பதாகவும், அதில் எக்காரணம் கொண்டும் நான் தோற்றுவிடக் கூடாதென்றும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.